புத்ததேவ போஸும் கவிதா பவனமும்



தம் கவிதை அச்சில் வந்தது கண்டு மகிழாத கவிஞர் இலர். பிறர் ஒருவர் எழுதிய கவிதையை அச்சிலே கண்டு, அதைத் தாமே இயற்றியதுபோல உவகை கொள்ளும் கவிஞரோ மிகவும் அரியர். அந்த அரியவருள் ஒருவரைப் பற்றி இன்று சிறிது பேசலாம் என்று எண்ணுகிறேன். அவர் வங்கக் கவிஞர் புத்ததேவ போஸ்.

வங்க இலக்கியம் நமக்குப் புதியதன்று. பங்கிம் சந்திரரையும் சரத் சந்திரரையும் தமிழிலேயே படித்து வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. தாகூரைப் பற்றிச் சொல்லவே வேண்டா. ஆயினும், "தாகூருக்குப் பின் வங்கக் கவிதை எவ்வழிச் சென்றது?" என்று யாரேனும் வினவினால், நம்மில் பலர் சற்றே தயங்குவோம். அவ்வினாவுக்கு விடை காணப் புகுவோர், கல்கத்தாவின் தென்பகுதியிலே ராஷ்பிகாரி அவென்யூ என்ற வீதியில் 202ஆம் எண்ணுள்ள வீட்டுக் கதவைத் தட்டாமல் போக முடியாது. அந்த வீட்டுக்குக் 'கவிதா பவனம்' என்று பெயர். 1937 முதல் 1966 வரையில் போஸ் அங்கே குடியிருந்தார். வீடும் அதுவே, பத்திரிகைக் காரியாலயமும் அதுவே, புத்தகப் பிரசுரசாலையும் அதுவே.

இன்று வங்கதேசத்தில் உள்ள குமில்லா நகரில் 1908ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் அவர் பிறந்தார். பிறந்த மறுநாளே தாயை இழந்தார். மனைவியை இழந்த துயரால் தந்தையும் சில காலம் வீட்டைத் துறந்து சென்றுவிட்டார். குழந்தையைத் தாய்வழிப் பாட்டனாரும் பாட்டியாருமே வளர்த்தனர். நோவகாளியிலும் டாக்காவிலுமாக அவருடைய இளமை கழிந்தது. டாக்கா சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் பயின்று முதல் வகுப்பிலே தேறினார். படிப்பிலே இவ்வளவு கெட்டிக்காரரான இளைஞர் அந்தக் காலத்தில் அரசாங்க உத்தியோகத்தை நாடுவதே வழக்கம். இவரோ கல்லூரியில் சேர்ந்த நாளிலேயே அதனினும் செலவு மிக்க ஒரு பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டார். பத்திரிகைப் பைத்தியத்தைத்தான் சொல்கிறேன்.

நண்பர் அஜித் தத்தருடன் சேர்ந்து 'பிரகதி' என்னும் பத்திரிகையை அவர் தொடங்கினார். முதலிலே கையெழுத்துப் பிரதி. 1927இல் அச்சுப் பத்திரிகை. கல்வி உதவித்தொகையாகத் தமக்குக் கிடைத்த பணத்தை அச்சுக்கூடத்துக்குக் கொடுத்தார். இத்தகைய முயற்சிகளுக்கு உரிய ஆயுள் எத்துணை என்பது நாம் அறிந்ததே. 1929இல் அது நின்றுபோயிற்று. ஆயினும் அந்தக் குறுகிய காலத்துக்குள் அது ஒரு காரியத்தைச் செய்துவிட்டது. பாரிசாலைச் சேர்ந்த ஓர் ஆங்கில ஆசிரியர் கூச்சம் மிக்கவர், கூட்டத்திலே பேசமாட்டாதவர். அவர் எழுதிய கவிதைகள் புரியவில்லை என்று விமரிசகர் பலர் எள்ளி நகைத்தனர். 'பிரகதி' அவருடைய கவிதைகளை வெளியிட்டதோடு நில்லாமல், அவருக்காக வழக்காடவும் செய்தது. அந்த ஆசிரியரின் பெயர் ஜீவனானந்த தாஸ். இன்று தாகூருக்கு அடுத்தபடியாக வங்காளிகள் வாயில் வரும் பெயர் அது. அப்போது போஸுக்கு வயது இருபதுக்குள்தான். ஜீவனானந்தர் ஒன்பது ஆண்டு மூத்தவர். இருபது வயதுப் பிள்ளை தன்னினும் மூத்த ஒருவரிடத்திலே பெருங்கவிஞர் ஒருவரைக் கண்டு, ஊரெல்லாம் நகைக்கும்போது, "இல்லை, இவர் கவிஞர்" என்று சொல்வது எளிய செயலா? நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

அந்நாளைய வங்க இளங்கவிஞர்களுக்கு இருந்த சங்கடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தாகூர் என்ற ஆலமரம் வானளாவ நின்றது. அதன் நிழல் இனியது. ஆனால் அந்நிழலிலே வேறு செடி முளைப்பது கடினம். இளைஞன் ஒருவன் பேனாவை எடுத்தால், அவனை அறியாமலே தாகூரின் சந்தமும் சொல்லுமே தாளில் இறங்கும். போஸும் இதற்கு விலக்கல்லர். தாகூரை அவர் கரை காணாது நேசித்தார். அந்த நேசத்தோடுதான் அவரிடமிருந்து விலகியும் நடந்தார். 1930இல் வந்த 'பந்தீர் பந்தனா' என்ற தொகுதி, அதாவது 'கைதியின் வணக்கம்', இளமையின் வேட்கையையும் அவ்வேட்கைக்குள் சிறைப்பட்ட மனத்தையும் ஒளிவுமறைவின்றிச் சொன்னது. பெரியவர் சிலர் முகம் சுளித்தனர்.

1931இல் அவர் கல்கத்தாவுக்கு வந்தார். 1934இல் ரிப்பன் கல்லூரியில் ஆங்கில ஆசிரியரானார். அதே ஆண்டில், டாக்காவில் இசைக்குப் பெயர்பெற்ற ராணு ஸோமை மணந்தார். கவி நஸ்ருலிடமே பாட்டுக் கற்றவர் அந்த அம்மையார். பின்னாளில் பிரதிபா போஸ் என்ற பெயரில் புகழ்பெற்ற நாவலாசிரியையாக விளங்கினார். கவிதா பவனத்தின் கதையில் அவருக்கு உள்ள பங்கைத் தனியே ஒரு பேச்சாகத்தான் சொல்ல வேண்டும். இரவு பகல் பாராமல் வந்துபோகும் கவிஞர் கூட்டத்துக்குத் தேநீர் வழங்கியது யார் என்ற கேள்வியை இலக்கிய வரலாற்று ஆசிரியர்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

இனி நம் கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். அந்தக் காலத்து வங்க மாதப் பத்திரிகைகளிலே கவிதைக்கு இருந்த இடம் யாது? கதையோ கட்டுரையோ முடிந்த பின் பக்கத்தின் அடியில் நான்கு விரற்கடை வெற்றிடம் மிஞ்சுமானால், அதனை நிரப்பக் கவிதை வேண்டியிருந்தது. பக்கத்தை அடைக்கும் பஞ்சாகக் கவிதை பயன்பட்டது. இது போஸின் மனத்தை உறுத்திற்று. அமெரிக்காவில் சிக்காகோ நகரிலே ஹாரியட் மன்றோ என்ற பெண்மணி கவிதைக்கென்றே ஒரு பத்திரிகை நடத்திவருவதை அவர் அறிந்திருந்தார். அதுபோல் வங்காளத்திலும் ஒன்று வேண்டும் என்று துணிந்தார். 1935ஆம் ஆண்டு அக்டோபரில் 'கவிதா' என்னும் காலாண்டு இதழ் பிறந்தது. கவிதையும், கவிதையைப் பற்றிய கட்டுரையும் அன்றி வேறு எதற்கும் அதிலே இடமில்லை. பிரேமேந்திர மித்திரர் உடன்-ஆசிரியர். துணையாசிரியர் ஸமர் ஸென். அவருக்கு அப்போது வயது பத்தொன்பது. எதுகையும் சந்தமும் இன்றி, நகரத்துப் புழுக்கத்தையும் தெருப் புழுதியையும் வசனநடையிலேயே கவிதையாக்கிய இளைஞர் அவர்.

முதல் இதழிலேயே ஜீவனானந்தரின் 'மிருத்யுர் ஆகே' வெளிவந்தது. தாகூர் அதைப் படித்தார். அக்கவிதை கண்முன் சித்திரமாக எழுவதைப் பாராட்டிக் கடிதமும் எழுதினார். பின்னர் தம் கவிதையையும் இதழுக்கு அனுப்பினார். லண்டன் டைம்ஸின் இலக்கிய இதழ்கூட இந்தச் சிறு சஞ்சிகையைக் குறித்து எழுதிற்று. அதே 1935 டிசம்பரில் வந்த இரண்டாம் இதழில் 'வனலதா ஸென்' இடம்பெற்றது. வங்கமொழி பேசும் இல்லங்களில் அந்தக் கவிதையை அறியாதார் அரியர். அதனை முதன்முதல் அச்சுக்குக் கொடுத்த ஆசிரியருக்கு வயது இருபத்தேழு.

பத்திரிகை ஆசிரியரின் துணிவுக்கு ஒரு சோதனை மூன்றாண்டு கழித்து வந்தது. 1938இல் தாகூரே ஒரு வங்கக் கவிதைத் தொகுப்பைப் பதிப்பித்தார். அதில் புதுக்கவிஞர்களுக்கு உரிய இடம் தரப்படவில்லை என்று போஸ் கருதினார். ஜீவனானந்தரின் அந்த முதல் இதழ்க் கவிதையும் சுருக்கப்பட்டே அதில் அச்சாகியிருந்தது. போஸ் தம் இதழில் அத்தொகுப்பைக் கடுமையாகவே விமரிசித்தார். யாரை? தம் பத்திரிகைக்கு ஆசி கூறியவரை. தாம் உள்ளத்திலே குருவாகக் கொண்டவரை. உலகமே வணங்கிய மகாகவியை! இதனால் அன்பு முறியவில்லை என்பதுதான் வியப்பு. 1941ஆம் ஆண்டு மே மாதத்தில், தாகூரின் இறுதிக் கோடையில், போஸ் குடும்பத்துடன் சாந்திநிகேதனம் சென்று தங்கினார். அந்நாட்களைப் பற்றி அவர் எழுதிய நூல், மூத்த கவிஞர் ஒருவரைப் பற்றி இளைய கவிஞர் ஒருவர் எழுதிய அன்பு நூல்களுள் முதல் வரிசையில் வைக்கத் தக்கது. ஆகஸ்டில் தாகூர் மறைந்தார்.

யுத்த காலத்தில் காகிதம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை ஏற்றம். கவிதைப் புத்தகத்தை எவர் வெளியிடுவர்? எவர் வாங்குவர்? போஸ் ஓர் உபாயம் கண்டார். பதினாறு பக்கங்கள் கொண்ட சிறு புத்தகம், விலை நாலணா. அந்நாளில் அணாவுக்கு நாலு பைசா. எனவே பக்கத்துக்கு ஒரு பைசா. அந்த வரிசைக்கே 'பைசாவுக்கு ஒன்று' என்று பொருள்படும் பெயரை வைத்தார். சந்தையில் வாழைக்காய் விற்பவள் கூவுவது போன்ற பெயர்! கவிதையைப் பீடத்திலே ஏற்றிப் பூசை செய்தவர்தாம், அதைச் சந்தையிலே கூவி விற்கவும் நாணவில்லை. 1942இல் 'வனலதா ஸென்' புத்தகமாக வந்தது இந்த வரிசையிலேதான்.

அவருடைய பெருந்தன்மைக்கு வேறோர் எடுத்துக்காட்டும் சொல்லலாம். சுபாஷ் முகோபாத்தியாயர் பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்த இளங்கவிஞர். கவிதை அரசியலுக்கு ஏவல் செய்யக்கூடாது என்பது போஸின் உறுதியான கொள்கை. இருவருக்கும் இடையே இருந்த தூரம் சிறிதன்று. ஆயினும் சுபாஷின் முதல் நூலாகிய 'பதாதிக்' 1940இல் கவிதா பவனத்தின் வெளியீடாகவே வந்தது. அதன் ஆற்றலை முதலில் எடுத்துச் சொன்னவர்களுள் போஸும் ஒருவர். கொள்கை பிடிக்காவிட்டாலும் செய்யுள் பிடித்தால் வெளியிடுவது என்ற நேர்மை பத்திரிகை உலகில் அன்றும் அரிது. பின்னாளிலும் அது மலிந்துவிடவில்லை.

இவ்வளவும் சொன்ன நான், மறுபுறத்தையும் சொல்லாமல் விட்டால் நடுநிலை ஆகாது. ஆசிரியரின் செவி எவ்வளவு கூர்மையானதாயினும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. நாற்பதுகளில் ஜீவனானந்தரின் கவிதை திசை மாறிற்று. போரும் பஞ்சமும் கலவரமும் கண்ட அவருடைய மொழி முறுகி, இருண்டு, கரடுமுரடாயிற்று. போஸுக்கு அது உவப்பாக இல்லை. பழைய ஜீவனானந்தரையே அவர் நெஞ்சம் நாடிற்று. தம் ஏமாற்றத்தை அவர் மறைக்கவில்லை, எழுத்திலேயே சொன்னார். ஜீவனானந்தரின் கவிதைகள் 'கவிதா'வில் குறைந்தன. பிற்காலத்து விமரிசகர் பலர் அந்த இருண்ட கவிதைகளையே அவருடைய சிகரமாகக் கொள்கின்றனர். ஆக, முதன்முதலில் கண்டுகொண்டவரே கடைசிப் பகுதியைக் காணத் தவறினார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. யாவரும் நகைத்தபோது துணை நின்றவர், அந்தப் பின்னாளில் ஒரு சொல் ஆதரவாகச் சொல்லியிருக்கலாமே என்று இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். ஆனால், பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்பவராக இருந்தால், அவர் தாகூரையும் விமரிசித்திருக்க மாட்டார். இரண்டும் ஒரே குணத்தின் இரு முகங்கள்.

1954ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் மாலை, ஜீவனானந்தர் டிராம் வண்டியில் அடிபட்டார். எந்த வீதியில்? அதே ராஷ்பிகாரி அவென்யூவில். எட்டு நாள் மருத்துவமனையில் கிடந்து, 22ஆம் நாள் இறந்தார். போஸ் 'கவிதா'வின் ஓர் இதழ் முழுவதையும் அவர் நினைவுக்கே உரியதாக்கினார். மறு ஆண்டு சாகித்திய அகாதெமியின் பரிசு ஜீவனானந்தருக்குக் கிடைத்தது. வாங்குவதற்கு அவர் இல்லை.

போஸின் ஆசிரியத் தொழிலைப் பற்றி இதுவரை அதிகம் சொல்லவில்லை. ரிப்பன் கல்லூரியில் பதினோராண்டு பாடம் சொன்னார். ஊதியம் போதாமையால் கதையும் நாவலும் எழுதிக் குவித்தார். பத்திரிகை வேலையும் பார்த்தார். 1953இல் அமெரிக்காவுக்குச் சென்று பிட்ஸ்பர்கில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஓராண்டு கற்பித்தார். இவற்றை விரைந்து கடந்துவிடலாம். 1956இல் நடந்ததே பெரிது. அப்போதுதான் பிறந்திருந்த ஜாதவ்பூர் சர்வகலாசாலையில், இந்தியாவிலேயே முதலாவதாக ஒப்பிலக்கியத் துறை நிறுவப்பட்டது. அதை அமைத்துத் தலைமை ஏற்றவர் போஸ்.

ஒப்பிலக்கியம் என்றால் என்ன? ஒரு மொழியின் இலக்கியத்தை வேலி போட்டுத் தனியே படிக்காமல், வியாசரையும் ஹோமரையும், காளிதாசனையும் கிரேக்க நாடகத்தையும், தாகூரையும் ஜெர்மானியக் கவிஞரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது. ஆங்கிலப் பாடத்தில் வங்காளத்துக்கு இடமில்லை. வங்காளப் பாடத்தில் உலகுக்கு இடமில்லை. இரண்டுக்கும் நடுவே அவர் ஒரு சாளரத்தைத் திறந்தார். கற்பிப்பதற்கு அழைத்தது யாரை என்று பாருங்கள்: கவிஞர் சுதீந்திரநாத தத்தரை. ஐரோப்பிய மொழிகளிலும் தத்துவத்திலும் ஆழ்ந்த புலமை உடையவர், ஆனால் எம்.ஏ. படிப்பை முடிக்காமலே விட்டவர். பட்டம் இல்லாத புலவரைப் பட்டம் வழங்கும் இடத்தில் உட்காரவைத்த துணிவு, பத்திரிகையிலே காட்டிய துணிவின் தொடர்ச்சி அல்லவா? 1960இல் தாம் இறக்கும் வரை சுதீந்திரர் அங்கே பாடம் சொன்னார். அத்துறையின் முதல் மாணவர்களுள் ஒருவர் நவநீதா தேவ் ஸென். பின்னாளில் தாமே அங்கே பேராசிரியராக விளங்கியவர். சக்தி சட்டோபாத்தியாயரையும் போஸ் அங்கே அழைத்தார். அவருடைய முதல் கவிதை 1956இல் 'கவிதா'வில் வந்திருந்தது. சக்தி வந்து சேர்ந்தார்; படிப்பை முடிக்காமலே போய்விட்டார். கவிஞராக நிலைபெற்றார். போஸுக்கு அதில் வருத்தம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வகுப்பிலே சொன்னதையே அவர் மொழிபெயர்ப்பாகவும் செய்தார். 1957இல் மேகதூதம், 1961இல் பிரெஞ்சுக் கவி போதலேர், பின்னர் ஹோல்டர்லினும் ரில்கேயும். மேகதூதத்துக்கு அவர் எழுதிய நீண்ட முன்னுரை வடமொழி வல்லாரிடையே பெரும் சலசலப்பை உண்டாக்கிற்று. வடமொழிக் காவியத்தைப் போற்றிக்கொண்டே அதன் குறைகளையும் அதில் அவர் எண்ணிவிட்டார். போதலேரின் கவிதைகளோ அடுத்த தலைமுறை வங்கக் கவிஞர்களின் மொழியையே மாற்றிவிட்டன என்பர்.

இத்தனைக்கும் நடுவே அவருடைய சொந்தக் கவிதை என்ன ஆயிற்று? அவர் எழுதி வெளியிட்ட நூல்கள் நூற்றுக்கு மேல். நாவல், கதை, கட்டுரை, நாடகம், குழந்தை இலக்கியம் என்று அவர் தொடாத துறை இல்லை. ஆனால் வங்கக் கவிதை வாசகரிடம் ஒரு வரி சொல்லும்படி கேட்டால், ஜீவனானந்தரின் வரியே முதலில் வரும். போஸின் வரி வரச் சற்றுத் தாமதமாகும். இருபத்தாறு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியும், தபால் கட்டியும், சந்தா கேட்டுக் கடிதம் எழுதியும் கழிந்த பொழுதெல்லாம் அவர் சொந்தக் கவிதைக்கு ஆகியிருந்தால் என்று கேட்போர் உண்டு. எனக்கு அக்கேள்வி பொருந்தாததாகவே படுகிறது. 1958இல் வந்த 'ஜே ஆந்தார் ஆலோர் அதிக்', அதாவது 'ஒளியினும் மிக்க இருள்', அவருடைய மிகச் சிறந்த தொகுதிகளுள் ஒன்று. இளமையின் ஆரவாரம் அடங்கி, சொற்கள் செறிந்து, தனிமையின் கனம் தெரியும் கவிதைகள் அவை. பிறர் கவிதைகளை ஆயிரக்கணக்கில் படித்துப் படித்துத் தேய்ந்த செவியன்றி வேறொரு செவி அவற்றைப் படைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

'கவிதா' 1961இல் நின்றது. 1963இல் ஜாதவ்பூரைவிட்டு அவர் விலகினார். பதவியும் பத்திரிகையும் இல்லாத அந்த ஆண்டுகளில்தான் அவருடைய செய்யுள் நாடகங்கள் பிறந்தன. 1966இல் 'தபஸ்வீ ஓ தரங்கிணி' வெளிவந்தது. பாரதத்தில் வரும் ரிச்யசிருங்கரின் கதை அது. பெண்ணையே கண்டறியாத தவச்சிறுவனைக் கணிகை ஒருத்தி நகரத்துக்கு அழைத்துவருகிறாள், மழை பெய்கிறது. நாம் அறிந்த கதை இவ்வளவே. போஸின் நாடகத்தில் கணிகையும் அன்று கண்ட காட்சியால் மாறிவிடுகிறாள். தவசி அவளால் விழித்தான். அவளோ அவனால் விழித்தாள். 1967இல் இந்நாடகத்துக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. அதே ஆண்டிலே வெளிவந்த அவருடைய நாவல் ஒன்றின் மேல் ஆபாச வழக்குத் தொடுக்கப்பட்டது. கீழ்நீதிமன்றம் குற்றம் என்றது; உயர்நீதிமன்றம் அன்று என்று விடுவித்தது. 1970இல் பத்மபூஷண் விருதும் வந்தது. பரிசும் வழக்கும் பட்டமும் ஒரே மனிதரின் வாயிலில் மாறி மாறி வந்து நின்ற காலம் அது.

அதற்குள் அவர் ராஷ்பிகாரி அவென்யூவை விட்டு நகரத்தின் தெற்கு ஓரத்தில் நாக்தலா என்னும் பகுதிக்குக் குடிபெயர்ந்திருந்தார். அங்கே பாரதத்தைப் பற்றிய தம் பெருநூலை எழுதினார். அர்ச்சுனனோ கண்ணனோ அல்லன், தருமனே அக்காவியத்தின் நாயகன் என்று அதில் வாதிட்டார். தம் வாழ்க்கை வரலாற்றையும் பகுதி பகுதியாக எழுதிவந்தார். குழந்தைப் பருவம் முடிந்தது. இளமைப் பருவமும் முடிந்தது. மூன்றாம் பகுதியாக அந்தப் பழைய வீட்டைப் பற்றியும், அங்கே கூடிய நண்பர்களைப் பற்றியும், 'எங்கள் கவிதா பவனம்' என்று பொருள்படும் தலைப்பில் எழுதத் தொடங்கினார். 1974ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் அவர் காலமானார். அந்த வரலாறு பாதியிலே நின்றுவிட்டது.